மைனஸ் இரண்டு

கல்லூரியில் இன்று சாய்வு வரைபடம் வரையச் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான்தான் ஆறாம் வகுப்பிலேயே ஒன்று வரைந்து ஒரு சண்டையை நிறுத்தியவள் ஆயிற்றே! அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

அப்போது எங்கள் வயலில் தண்ணீரே நிற்கவில்லை. வரப்புக்கு அந்தப் பக்கம், அருள்சாமி மாமா வயலில் மட்டும் தளும்பியது.

"ராத்திரி மடையைத் தொறந்துட்டு, விடியறதுக்குள்ள மூடிடுறான். திருட்டுப்பய!" என்று அப்பா டீக்கடையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. மாமாவின் மகள் ஜோதியோடு நானும் பேசக்கூடாதாம். ஒரே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எப்படிப் பேசாமல் இருப்பது? எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

பள்ளிச் செயல்திட்டத்துக்காக நான் தினமும் காலையில் வயல் தண்ணீரை ஸ்கேலால் அளந்து, கட்டத்தாளில் கோடு போட்டு வந்தேன். கோடு ஏறியது, இறங்கியது. ஒன்றும் விளங்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு படித்த மலர்க்கொடி அக்கா எட்டிப் பார்த்தாள்.

"பூவிழி, ஒரு நாளைக்கு எத்தனை சென்டிமீட்டர் ஏறுது, எத்தனை இறங்குதுன்னு மட்டும் தனியா வரைஞ்சு பாரு. பழைய தாள்ல ஒரே மாதிரி சரியிற கோடு, புதுத் தாள்ல படுத்த கோடா வரும்."

வரைந்தேன். தண்ணீர் பாய்ச்சாத நாட்களை மட்டும் பார்த்தேன். முதல் வாரம் கோடு மைனஸ் ஒன்றில் படுத்திருந்தது; வெயிலும் மண்ணும் குடிப்பது தினம் ஒரு சென்டிமீட்டர். பிறகு திடீரென்று மைனஸ் இரண்டுக்குக் குதித்து, அங்கேயே கிடந்தது. சனி, ஞாயிறுகூட மைனஸ் இரண்டுதான்!

"அப்பா, வெள்ளிக்கிழமையே மாமா வீட்டைப் பூட்டிட்டு எல்லாரும் வேளாங்கண்ணிக்குப் போயிட்டாங்க. அப்புறம் யாரு மடையைத் தொறந்தா?"

அப்பா கட்டத்தாளை வாங்கிப் பார்த்தார்.

"தினமும் ஒரே அளவா கொறையுதுப்பா. எங்கயோ ஓட்டை இருக்கு. வாங்க, பாப்போம்!"

வரப்புப் புல்லை விலக்கிக்கொண்டே போனோம். கை நுழையும் அளவுக்கு ஒரு நண்டு வளை! எங்கள் தண்ணீர் அது வழியாகச் சலசலவென்று மாமா வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து நண்டு கொடுக்கைத் தூக்கி எங்களையே மிரட்டியது.

அப்பா நண்டைப் பிடித்துத் துண்டில் முடிந்துகொண்டு, களிமண்ணை மிதித்து வளையை அடைத்தார். பிறகு நேராக டீக்கடைக்கு நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். வேளாங்கண்ணியிலிருந்து திரும்பியிருந்த மாமா அங்கே இருந்தார்.

"அருளு, ஒரு நண்டு பண்ண வேலைக்கு ஒன்னைத் திருடன்னு சொல்லிட்டேன். தப்புதான். மன்னிச்சுடு."

மாமா ஒரு வாய் டீயை மெதுவாகக் குடித்தார்.

"நண்டைப் புடிச்சியா?"

"ஒன்னே ஒன்னுதான்."

"ஒத்த நண்டை வச்சு ரெண்டு வீட்டுக்கு எப்படிய்யா கொழம்பு வைக்கிறது?"

கடை முழுக்கச் சிரித்தது. அப்பாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் முதல் மணி அடிப்பதற்குள் ஜோதியும் நானும் பத்து நாள் பேச்சையும் பேசி முடித்துவிட்டோம்.