பூர்ணிமாவும் கிளம்பாத படகும்

சுண்ணாம்பாற்றில் ஒரு படகு உண்டு. அதன் ஹாரனை அடித்தால், முதலியார்பேட்டையில் தூங்கும் பூனைகள் எல்லாம் எழுந்து வரிசையில் நிற்கும். நானே எண்ணியிருக்கிறேன். நாற்பத்தொன்று.

படகு அருள்முருகனுடையது. அவர் மகள் பூர்ணிமா ஐந்தாம் வகுப்பு. ஆயுதபூஜை விடுமுறை முடிந்த முதல் நாள், அவளுடைய வகுப்பே அந்தப் படகில் ஏறி உட்கார்ந்திருந்தது. "எங்கப்பா படகுலதான் டூர்!" என்று ஒரு மாதமாக அவள் சொல்லாத ஆள் இல்லை.

அருள்முருகன் சாவியைத் திருப்பினார்.

"டக்."

மறுபடியும் திருப்பினார். மறுபடியும் "டக்."

"பத்து நிமிஷம் பார்ப்போம்," என்றார் சிந்தியா மிஸ். "கிளம்பலைன்னா ஸ்கூலுக்குத் திரும்பிப் போய் கணக்கு டெஸ்ட் எழுதிடலாம். பேப்பர் கையிலயே இருக்கு."

முப்பது முகங்கள் பூர்ணிமாவை முறைத்தன.

"பேட்டரி செத்துப்போச்சு கண்ணு," என்றார் அப்பா.

"ஹாரன் அடிங்கப்பா, பார்ப்போம்."

அடித்தார். படகே அதிர்ந்தது.

"செத்த பேட்டரி இப்படியா கத்தும்? இப்ப ஹாரனை அழுத்திக்கிட்டே சாவியைத் திருப்புங்க."

ஹாரன் "ங்ஙே..." என்று முனகி அடங்கியது.

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு. நிறைய கரண்ட் கேட்டா மட்டும் வர மாட்டேங்குது. வழியில எங்கயோ அடைப்பு. பூஜைக்கு முன்னாடி ஓடுச்சா?"

"ஜோரா ஓடுச்சே!"

"பூஜையன்னிக்கு பேட்டரிய என்னா பண்ணீங்க?"

"கழட்டித் துடைச்சேன். சந்தனம் வச்சேன், குங்குமம் வச்சேன், திரும்ப மாட்டுனேன்," என்றார் பெருமையாக.

பூர்ணிமா பேட்டரிப் பெட்டியைத் திறந்தாள். ஒயரை மாட்டும் இரண்டு ஈய முளைகளும் சந்தனக் காப்பில் இருந்தன. அதன் மேலேயே கிளாம்பு இறுக்கியிருந்தது.

"அப்பா! சந்தனத்தைத் தாண்டி கரண்ட் எப்படிப் போகும்?"

அவர் காதைச் சொறிந்தார். "இதான் படகுக்கே உசுருன்னு... கொஞ்சம் தாராளமா வச்சுட்டேன்."

கிளாம்புகளை அவர் கழற்றினார். முளைகளைச் சுரண்டினார். கிளாம்பின் உள்பக்கத்தைப் பூர்ணிமா உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தாள். சுரண்டிய சந்தனத்தில் இரண்டு கல்யாணம் நடத்தியிருக்கலாம்.

"இன்னும் ஒரு நிமிஷம்," என்றார் மிஸ், பேப்பர் கட்டைப் பிரித்தபடி.

கிளாம்பு இறுகியது. சாவி திரும்பியது.

"டுர்ர்ர்ர்ர்!"

"ஹேய்ய்ய்!" என்றது வகுப்பு.

"அப்போ அடுத்த வருஷம் பொட்டு வைக்கக் கூடாதா?" என்றார் அப்பா பாவமாக.

"மூடி மேல வைங்கப்பா. வாய்க்குள்ள ஊட்டாதீங்க!"

பள்ளிக்கூடம் இருந்த திசைக்கு முதுகைக் காட்டிப் படகு பாய்ந்தது. அந்த வேகத்தில் ஆறு ஒரு நிமிடம் திகைத்துக் கரையிலேயே நின்றுவிட்டது. பிறகு மூச்சிரைக்க ஓடிவந்து படகுக்கு அடியில் சேர்ந்துகொண்டது.