சிவப்பு டப்பா மாத்திரைகள்

"ஐயோ... வுழுந்துட்டாரே! தம்பீ... ஓடியாங்க!"

அண்ணி சில்வியாவின் அலறல் நெல்லிவாசல்நாட்டுச் சரிவு முழுக்கக் கேட்டது.

டோமினிக் ஓடினான்.

அண்ணன் வீட்டுக்கு இல்லை. தன் ஜீப்புக்கு!

மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறங்க அந்த ஊரில் அது ஒன்றுதான் வண்டி. பானட்டைத் திறந்தான். கத்தியால் டீசல் டியூபை அறுத்தான். டீசல் மண்ணில் ஓடியது.

இனி அண்ணன் ஆபேலைக் கடவுளே வந்தாலும் காப்பாற்ற முடியாது!

ஆறு மாத வேலை இது. ஆபேலுக்குக் கொலஸ்ட்ரால். அப்பாவுக்கும் அதுதான், சின்ன வயதிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அண்ணன் வீட்டு அலமாரியில் ஒரு சிவப்பு டப்பா நிறைய மாத்திரை. டோமினிக் அதையெல்லாம் கொட்டிவிட்டு, அச்சு அசலாய் அதே போன்ற சத்து மாத்திரைகளை நிரப்பினான். தீரத் தீர நிரப்பினான்.

இருவருக்கும் பொதுவாக அப்பா விட்டுப்போன பலாத்தோப்பை ரிசார்ட்காரனுக்கு விற்க ஆபேல் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் போய்விட்டால் அண்ணி நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவாள், பாவம்!

முகத்தில் அழுகையை வரவழைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனான்.

வாசலில் ஆபேல்... முழங்காலைத் தேய்த்துக்கொண்டு நின்றிருந்தான்!

"பாசி வழுக்கிடுச்சுடா. அதுக்குப் போயி இவ ஊரக் கூட்டிட்டா."

டோமினிக்குக்கு நெஞ்சு இறுகியது. ஏமாற்றம் என்று நினைத்தான். இல்லை... இடது தோள் இழுத்தது. சட்டை வேர்வையில் நனைந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"டேய்... இன்னாடா பண்ணுது?"

"நெஞ்சு... வலி தாங்கலண்ணா..."

"அதெப்புடி? தெனம் மாத்திரை உள்ள போவுதே!"

"நான் எங்க மாத்திரை சாப்ட்டேன்?"

ஆபேல் மனைவியைப் பார்த்தான். அவள்தான் சொன்னாள்.

"கோச்சிக்காதீங்க தம்பி. கேம்ப்ல ரத்தம் எடுத்தப்போ உங்களுக்கும் கொழுப்பு ஜாஸ்தின்னாங்க. 'கூழு குடிக்கறவனுக்கு இன்னா கொழுப்பு'ன்னு ரிப்போர்ட்டக் கிழிச்சிட்டீங்க. பன்னிக்கறியயும் வுடல. அதான் ரெண்டு வருசமா, காலைல இங்க வந்து குடிக்கற கூழுல மாத்திரைய நுணுக்கிக் கலந்து குடுத்தோம்."

"எந்த... டப்பாலேர்ந்து?"

"செவப்பு டப்பா. அது உங்களுக்குன்னே வாங்கி வச்சது. உங்க அண்ணனோடது மாதா படத்துக்குப் பின்னால இருக்குது."

டோமினிக்குக்குக் கண் இருட்டியது. தன் உயிரைப் பிடித்து வைத்திருந்த மாத்திரைகளைத் தன் கையாலேயே கொட்டியிருக்கிறான்! அழலாம் என்றால் மூச்சு வரவில்லை.

"நூத்தியெட்டுக்குப் போனப் போடு சில்வியா!"

"இங்க ஏதுங்க டவரு?"

ஆபேல் தம்பியின் பாக்கெட்டிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஜீப்புக்கு ஓடினான். ஓடிய வேகத்தில் திரும்பி வந்தான். கையெல்லாம் டீசல். குழந்தை மாதிரி அழுதான்.

"டியூப அறுத்துட்டான்டா! எந்தப் படுபாவின்னு தெரியலியே... அவன வுடமாட்டேன்டா!"

டோமினிக் அண்ணனின் கையைப் பிடித்தான். சிரிக்கப் பார்த்தான்.

"பொறுமையாத் தேடுண்ணா... அவன் ரொம்ப தூரம் போவ மாட்டான்!"