சேவூரில் எழுந்தவள்

பாஸ்டர் தவசிங் வீரபாண்டியில் வந்து இறங்கியபோது அவரிடம் ஒரு கீபோர்டும், நாலைந்து ஜமுக்காளமும், ஒரு பெரிய பிளெக்ஸ் பேனரும் இருந்தன. பேனரில் அவர் பெயருக்கு முன்னால் 'அப்போஸ்தலர்' என்றும் 'டாக்டர்' என்றும் போட்டிருந்தது. டாக்டர் பட்டம் தபாலில் வந்தது. அப்போஸ்தலர் பட்டம் பிளெக்ஸ் கடையிலேயே கிடைத்தது. இடம் மிச்சமிருக்கிறது, வேறு ஏதாவது போட்டுவிடலாமா என்று கடைக்காரர்தான் கேட்டிருந்தார்.

சபை நடத்தக் கிடைத்த இடம், அப்புசாமி என்பவரின் பூட்டிக் கிடந்த சாயப்பட்டறை. ஜன்னல் கிடையாது. சுவர்களில் முழங்கால் உயரத்துக்கு நீலம் ஏறியிருந்தது. எத்தனை பினாயில் ஊற்றிக் கழுவினாலும், ஊறிப்போன துணியின் வாடை தரையிலிருந்து கிளம்பிக்கொண்டே இருந்தது. பட்டப்பகலிலும் கதவைச் சாத்தினால் உள்ளே பாழுங்கிணற்று இருட்டு.

நல்ல நாட்கள் இல்லாமல் இல்லை. வாரமெல்லாம் பனியன் கம்பெனியில் குனிந்து கிடந்த பெண்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து, யாரும் ஏன் என்று கேட்காமல் அழுதுவிட்டுப் போவார்கள். சொந்த ஊரில் ஒருவர் தெருவுக்குள் ஒருவர் போகாதவர்கள், இங்கே ஒரே பாட்டுப் புத்தகத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு பாடுவார்கள். அப்போது தவசிங்கும் தம்மை மறந்து கூடவே பாடுவார். அந்த நேரத்தில் மட்டும் அவர் டாக்டரும் இல்லை, அப்போஸ்தலரும் இல்லை.

பிறகு அடுத்த தெருவில் வேறொரு ஊழியக்காரர் வந்து சேர்ந்தார். அங்கே முடவர்கள் நடந்தார்கள். இங்கே ஜமுக்காளங்கள் காலியாயின.

தவசிங்கிடம் அப்படிச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. நதியா மட்டும் இருந்தாள்.

முன்பு அவர் சேவூரில் ஊழியம் செய்தபோது ஜெபத்துக்கு வந்த பெண் அவள். உசிலம்பட்டிப் பக்கம். கம்பெனியில், தைத்த துணியில் பழுது பார்க்கும் செக்கிங்கில் நாளெல்லாம் நின்று வேலை. காய்ச்சலில் செத்துப்போனாள். தாய் ஒச்சம்மாள் ஏதோ ஒரு செங்கல் சூளையில் இருந்தாள். எந்தச் சூளை என்று கண்டுபிடிக்கக் கம்பெனிக்குப் பொறுமை இல்லை. அடக்கம் செய்தவர் தவசிங். பெட்டியை மூடும்போது தாங்க முடியாமல், 'மகளே, எழுந்திரு' என்று கதறியவரும் அவர்தான். ஒச்சம்மாள் வந்து பார்த்தது மண்மேட்டை மட்டும்.

இந்தக் கதையை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் எடுத்தார். 'எழுந்திரு என்றேன்' என்பதுவரை உண்மை. அதற்கு மேல் வெட்டிவிட்டு, 'எழுந்தாள்' என்று தைத்தார். வெட்டுவதும் தைப்பதும் அந்த ஊரில் தொழில்தானே.

கூட்டம் திரும்பி வந்தது. வாராவாரம் அவளை எழுப்ப வேண்டியதாயிற்று.

வாடகை வாங்க வந்த அப்புசாமி மெதுவாக விசாரித்தார்.

"ஏனுங்க பாஸ்டர், செத்தவங்கள எழுப்பி உடுறீங்களாமா? எங்கைய்யன் பாகப்பத்திரத்துல கையெழுத்துப் போடாம போயிட்டாருங்க. ஒரு அரைமணி நேரம் எழுப்பிக் குடுத்தாப் போதுமுங்க."

தவசிங் சிரித்துச் சமாளித்தார். ஒச்சம்மாள் வந்து நின்றபோது அப்படிச் சிரிக்க முடியவில்லை.

ஊர்க்காரப் பெண் ஒருத்தி சொல்லி, சேதி உசிலம்பட்டிவரை போயிருந்தது. ஒச்சம்மாள் அழவில்லை, சண்டை போடவில்லை. சேலைத்தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எம் மகள எங்கய்யா வச்சிருக்கீக?"

உண்மையைச் சொல்லிவிட வாய் திறந்தார். வாசலில் சபையே கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வடக்கே ஊழியத்துக்கு அனுப்பியிருப்பதாகவும், வந்துவிடுவாள் என்றும் சொன்னார்.

வரட்டும், இருக்கிறேன் என்று அவள் பட்டறையிலேயே ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வாடை மாறியது. சாயம் போய், ஈர மண் நாறியது. அப்போதுதான் வெட்டிய மண். தவசிங் கதவைத் திறந்துபோட்டுப் பிரசங்கம் செய்து பார்த்தார். வாசலில் நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவருக்கு மட்டும் மூக்கில் அடைத்தது.

அந்த வருஷம் கரண்ட் போவதற்கு நேரம் காலம் கிடையாது. மழை தூறிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாரல் அடிக்கிறதென்று கதவைச் சாத்தியிருந்தார்கள். சாட்சி சொல்லும் நேரம். தவசிங் சேவூர் கதையைத் தொடங்கி, 'மகளே, எழுந்திரு' என்றார்.

கரண்ட் போனது.

மின்விசிறிகள் முனகி நின்றன. தகரக் கூரையில் தூறல் விழும் சத்தம் மட்டும்.

பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள்.

மூச்சு இல்லை. மண் வாடை மட்டும் கழுத்தில் பட்டது.

"ஐயா." அவருக்கு மட்டும் கேட்கும் குரல். "நான் செத்துட்டேன்னு சொல்லுங்கய்யா."

செத்துப்போன மைக்கை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வாராவாரம் எழுப்பி நிக்க வச்சிர்றீங்க. கால் கடுக்குதுய்யா. படுக்கணும்."

ஒரு வார்த்தைதான். நதியா இறந்துவிட்டாள். சொன்னால் அவள் படுத்துக்கொள்வாள். சொன்னால் சபை எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்விடும். மூலையில் ஒருத்தி காத்திருப்பதும் முடிந்துபோகும்.

தவசிங் வாயைத் திறந்தார்.

"அல்லேலூயா" என்றார்.

இருட்டு முழுக்க அல்லேலூயா என்றது. பக்கத்தில் நின்றது விலகிப் போவதை உணர்ந்தார். காலை இழுத்து இழுத்து நடந்து, பெண்கள் பக்கம் போனது. அங்கிருந்து ஒச்சம்மாளின் குரல் வந்தது.

"வந்துட்டியாடி? என்னடி, கையெல்லாம் இப்படிச் சில்லுனு கெடக்கு?"

கரண்ட் வந்தது.

ஒச்சம்மாள் கூட்டத்தின் நடுவே நடந்து வந்துகொண்டிருந்தாள். வலது கை ஒரு தோளை அணைத்தபடி வளைந்திருந்தது. அணைப்புக்குள் ஒன்றுமில்லை. ஆனாலும் உட்கார்ந்திருந்த பெண்கள், இரண்டு பேர் போகும் அளவுக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அவள் தவசிங்கின் முன்னால் மண்டியிட்டாள். பக்கத்துக் காற்றையும் மெல்ல அமுக்கி மண்டியிட வைத்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் அதுவரை யாரிடமும் பார்த்ததில்லை.

"கண்ணால பாத்துட்டேன், போதும்யா" என்றாள். "நீங்க எழுப்புன பிள்ள. இவள உங்க சாமிக்கே நேந்து விட்டுட்டேன். இனி உங்க கூடவேதான் இருப்பா. தலையில கைய வச்சு ஏத்துக்கங்க."

சபை முழங்காலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

வேறு வழி இல்லை. வெறும் காற்றுதானே என்று தவசிங் தமக்குள் சொல்லிக்கொண்டார். ஒச்சம்மாளுக்குப் பக்கத்தில், ஒரு பெண்ணின் தலை இருக்க வேண்டிய உயரத்தில், உள்ளங்கையை விரித்து இறக்கினார்.

ஈரமான முடி. அதற்கடியில் தலை.

கையை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று சபை முணுமுணுக்க, அந்தத் தலை அவர் கையைத் தூக்கிக்கொண்டு மெல்ல மெல்ல எழுந்து நின்றது.