கேட்பாரற்ற மனு

காலை பத்து மணிக்கு நகராட்சி ஆவணப் பிரிவில் இளவேனில் தன் இருக்கையில் அமர்ந்ததும், அன்று அழிய வேண்டிய கோப்புகளின் பட்டியல் திரையில் வந்து நின்றது. நூற்றுப் பன்னிரண்டு. செத்துப்போன நாய்களின் உரிமம், இடிந்த கழிப்பறையின் ஒப்பந்தம், எப்போதோ நடந்த வார்டு கூட்டத்தின் வருகைப் பதிவு. ஒவ்வொன்றையும் பார்த்ததற்கு அடையாளமாக உள்ளங்கையை மேசைத் தகட்டில் வைத்தால் போதும். மாலை ஐந்துக்கு நினைவுக்கிடங்கிலிருந்து மறைந்துவிடும்.

நாடெங்கும் அதுதான் நடைமுறை. சர்வர்களைக் குளிர்விக்கவே மின்சாரம் தீர்ந்து, ஆஸ்பத்திரிகளுக்குப் போதாமல் போன பிறகு வந்த சட்டம். பத்து ஆண்டுகள் யாரும் கேட்காத ஆவணம் அழியும். கோப்பு எண்ணைச் சொல்லி ஒருவர் கேட்டால், இன்னும் பத்தாண்டு ஆயுள். ஊழியர்கள் கேட்கக் கூடாது. எண்ணை வெளியே சொல்லவும் கூடாது.

அறுபத்து மூன்றாவது வரியில் அவள் கை நின்றது. 'மீனவர் காலனி மதகு துருப்பிடித்துத் திறக்கவில்லை. மழைக்கு முன் சரிசெய்ய வேண்டும்.' கீழே நாற்பத்து மூன்று கையெழுத்துகள். ஓரத்தில் தபால் பிரிவின் குறிப்பு: 'நடவடிக்கை தேவையில்லை.' அதற்கடியில் அவளுடைய சுருக்கொப்பம்.

அப்போது அவள் தபால் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். மேசையில் முந்நூறு மனுக்கள். படிக்காமலே குறிப்பெழுதினாள், ரசீதும் கொடுக்கவில்லை. ஐந்து வாரத்தில் வெள்ளம் காலனிக்குள் ஏறி, பதினோரு பேர் போனார்கள். அப்படியொரு மனு வரவேயில்லை என்றது நகராட்சி. விசாரணையில் அவளை யாரும் கேட்கவில்லை. அவளும் வாய் திறக்கவில்லை.

அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை முடித்தாள். விட்டாலும் ஐந்துக்கு அது தானாகவே அழியும்.

நாலு மணிக்கு ஜன்னல் முன் ஒரு பெரியவர் வந்து நின்றார். ஜெரோம், மீனவர் காலனி. ஊர் மாறுவதற்கான சான்று வேண்டுமாம்.

"எந்த ஊருக்குங்கய்யா?"

"மேற்கால எங்கயாவது. கடல் இல்லாத ஊரா."

"காலனியிலயே பொறந்து வளர்ந்தவர்தானே? ஏன் இப்ப?"

அவர் சிரித்தார். "அந்த மதகு மனுவை எங்கிட்டதான் மேடம் குடுத்தனுப்பினாங்க. நான் கொண்டுவந்து குடுத்தேன். குடுக்கவே இல்ல, வழியில எங்கயோ போட்டுட்டான்னு பத்து வருசமாப் பேசறாங்க. போன வாரம் ஒரு கல்யாணம். எம் பக்கத்துல ஒருத்தரும் சாப்பிட உக்காரல."

இளவேனில் ஒரு சீட்டில் அந்த மனுவின் கோப்பு எண்ணை எழுதி அவர் முன் நகர்த்தினாள். அவள் கை போகும் இடமெல்லாம் மேலே இருந்த கேமரா பார்த்துக்கொண்டிருந்தது.

"இதைச் சத்தமாப் படிங்க. வேணும்னு கேளுங்க."

அவர் புரியாமல் படித்தார்; கேட்டார். திரை அவர் பக்கம் திரும்பியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஏழாவது கையெழுத்தின் மீது அவர் விரல் நின்றது.

"எம் பொஞ்சாதி. தண்ணியில போனவ." விரல் மெல்ல ஓரத்துக்கு நகர்ந்தது. "இது யாரு?"

"நான்தாங்கய்யா."

கத்துவார் என்று காத்திருந்தாள். அவர் கத்தவில்லை. சான்றுக்காகக் கொண்டுவந்திருந்த படிவத்தைக் கொடுக்காமலே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"என்னை மன்னிச்சிடுங்க."

"அது நான் மட்டும் குடுக்கறது இல்லம்மா. பதினோரு வீடு இருக்கு." கதவுவரை போய்த் திரும்பினார். "இதை நான் போய்ச் சொன்னா எவனும் நம்ப மாட்டான். நீங்க வருவீங்களா?"

மேசையில் செய்தி மின்னத் தொடங்கியது: பணியிடை நீக்கம், விளக்கம் தேவை. அவள் அதை முழுதும் படிக்காமல் எழுந்தாள்.

காலனி முனையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த நாலைந்து பேர் ஜெரோமைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"நான் ஒண்ணும் பேசல," என்றார் அவர். "இவங்க சொல்றதை மட்டும் கேளுங்க."

இளவேனில் தன் பெயரிலிருந்து தொடங்கினாள்.