சும்மா உட்கார்ந்திருந்த மூன்று பேர்

மூன்று நாட்களாக அந்தக் கணினி ஆரோக்கியசெல்விக்கு ஒரே ஒரு வார்த்தையைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

"பொறுங்கள்."

பொறுத்தாள். திங்கட்கிழமை பொறுத்தாள். செவ்வாய்க்கிழமையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். புதன்கிழமை அவளுக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. ஆறாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு வேறு வேலை இல்லையா என்ன?

"இன்னொரு தடவ அழுத்திப் பாரு செல்வி" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பார்வதி.

"நீயே அழுத்து. எனக்கு விரலே தேஞ்சு போச்சு."

திரையில் பதினொரு பறவைகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. பார்வதி 'செம்போத்து' என்பதை அழுத்தினாள். செம்போத்தின் படம் வரவேண்டும், கூடவே அதன் குரலும் கேட்கவேண்டும். படமும் வரவில்லை, குரலும் கேட்கவில்லை. "பொறுங்கள்" என்றது கணினி.

"இது நம்மள கிண்டல் பண்ணுது" என்றாள் செல்வி.

அது 1999ஆம் வருடம், பிப்ரவரி மாதம். ஏற்காட்டில் அவர்கள் பள்ளியில் இருந்தது ஒரே ஒரு கணினி. முன்பு ஒரு பழைய கணினி இருந்தது. அதில்தான் செல்வியும் அவள் பெரியம்மா மகன் தேவசிகாமணியும் சேர்ந்து 'பறவைப் புத்தகம்' செய்தார்கள். தேவசிகாமணி சேலத்தில் என்ஜினீயரிங் படிக்கிறவன். புரோகிராம் எழுதியது அவன். காப்பித் தோட்டத்துக்குள் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஆறு மாதம் அலைந்து, அட்டைக்கடி பட்டு, பதினொரு குரல்களைப் பிடித்து வந்தது செல்வி.

போன மழைக்காலத்தில் விழுந்த இடியில் பழைய கணினி புகைந்துபோனது. சேலத்தில் உள்ள ஓர் அறக்கட்டளை இந்தப் புதியதைக் கொடுத்தது. ஆனால் சும்மா கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பார்களாம். பிள்ளைகள் கணினியைப் பயன்படுத்தினால் அது இங்கேயே இருக்கும். இல்லாவிட்டால் மலைக்குக் கீழே இன்னொரு பள்ளிக்குப் போய்விடும். அப்புறம் செல்வியின் பதினொரு பறவைகளும் டேப்புக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

பழைய கணினியில் இருந்தது விண்டோஸ். புதியதில் இருப்பது லினக்ஸ். அங்கே ஓடியது இங்கே அப்படியே ஓடாது. அதனால் தேவசிகாமணி ராத்திரி பகலாக உட்கார்ந்து புரோகிராமை மாற்றி எழுதி, சனிக்கிழமை பஸ் ஏறி வந்து போட்டுக் கொடுத்தான். அன்றைக்குப் பதினொரு பறவைகளும் கூவின. அவன் சேலம் பஸ்ஸில் ஏறியதுதான் தாமதம், திங்கட்கிழமை ஒன்றுகூடக் கூவவில்லை.

"அணைச்சுட்டு மறுபடி போடலாமுங்களா சார்?" என்று கேட்டாள் செல்வி.

கணினி அறைக்குப் பொறுப்பு பாக்கியநாதன் சார். வெள்ளக்கடைப் பக்கம் செல்வியின் அம்மா வேலை செய்கிற எஸ்டேட்டில் முப்பது வருடம் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டைப் அடிக்கத் தெரியும் என்பதால் தலைமையாசிரியை சிஸ்டர் அவரைப் பிடித்துப் போட்டுவிட்டார். சம்பளம் கிடையாது. ஆனாலும் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, தன் தோள் துண்டால் கணினியைத் துடைத்து வைப்பார்.

"போடலாம் சாமி. ரெண்டு பேரும் வெளிய போய் நில்லுங்க. நான் போட்டுட்டுக் கூப்பிடறேன்" என்றார் சார்.

அதுதான் அவர் சட்டம். கணினியை அவர் மட்டும்தான் போடுவார். அது 'தயாராகிற' வரை பிள்ளைகள் கதவுக்கு வெளியே வரிசையில் நிற்கவேண்டும். நின்றார்கள். கூப்பிட்டார். போய் அழுத்தினார்கள்.

"பொறுங்கள்."

செல்விக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று மாலை பஜாரில் பார்வதியின் அப்பா முருகேசன் வைத்திருக்கும் எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார்கள். தேவசிகாமணியின் விடுதிக்குப் போன் போட்டால் யாரோ எடுத்து, "எந்த தேவசிகாமணி?" என்று கேட்டு, அவனைத் தேடப் போனவர் போனவர்தான். அங்கே யாரோ பல் துலக்கும் சத்தம்கூடக் கேட்டது.

"வெரசாப் பேசு கண்ணு, பின்னால ஆளுங்க நிக்கறாங்க" என்றார் முருகேசன்.

"பேசறதுக்கு அந்தப் பக்கம் ஆள் வரணுமேங்க மாமா."

ஒருவழியாகத் தேவசிகாமணி வந்தான். செல்வி மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

"அப்புடின்னா பின்னால இருக்கறவங்க வேலை செய்யல" என்றான் அவன்.

"யாரு பின்னால இருக்கறவங்க?"

"இத பாரு செல்வி. நம்ம புரோகிராம் தனியா எல்லா வேலையும் செய்யாது. படம் எடுத்துக் குடுக்க ஒருத்தர், சத்தம் போட ஒருத்தர், இவர் சொன்னத அவர்கிட்டச் சொல்ல ஒருத்தர் வேணும். பழைய சிஸ்டத்துல அந்த ஆளுங்கல்லாம் அந்த ஊட்டுலயே இருந்தாங்க. புதுசு வேற ஊடு. அதனால நான் எந்த டெஸ்க்டாப்புக்குன்னு மாத்தி எழுதினேனோ, அந்த டெஸ்க்டாப்போட சர்வீஸ் மூணைக் கொண்டாந்து பின்னால உக்கார வெச்சேன். கம்ப்யூட்டரப் போட்டதும் அதுங்களே வந்து உக்காந்துக்கும். கண்ணுக்குத் தெரியாது. கூப்பிட்டாத்தான் எந்திரிக்கும்."

"கூப்பிட்டுட்டேதான் இருக்கறோம். எந்திரிக்க மாட்டேங்குதே."

"அதான் எனக்கும் புரியல. எது எது ஓடுதுன்னு காட்டற பட்டியல் ஒண்ணு இருக்குது. அதுல மூணு பேரும் இருக்கறாங்களான்னு பாரு. சாருக்குத் தெரியும். ஏதாவது மாட்டிக்கிச்சுன்னா அதுல போய் வெட்டி விடலாம்னு சனிக்கிழமதான் சொல்லிக் குடுத்தேன்."

மறுநாள் வியாழக்கிழமை. செல்வி வெள்ளக்கடையிலிருந்து வழக்கத்துக்கு முந்தின பஸ்ஸைப் பிடித்து வந்தாள். பார்வதியும் பஜாரிலிருந்து ஓடி வந்து சேர்ந்தாள். கணினி அறைக் கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் வழியாக இருவரும் எட்டிப் பார்த்தார்கள்.

பாக்கியநாதன் சார் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு திரைக்கு முன் உட்கார்ந்திருந்தார். திரையில் நீளமாக ஒரு பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அது எவ்வளவு வேலை செய்கிறது என்று ஓர் எண். சார் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தார்.

"இவன் வேலை செய்யறான், இருக்கட்டும். இவன்... சைபர். காலங்காத்தால வந்து சும்மா குந்தியிருக்கான் பாரு. வெட்டு." ஒரு தட்டு. "இவனும் சைபர். வெட்டு." இன்னொரு தட்டு. "இவனும். வெட்டு."

வெட்டப்பட்ட மூன்று பெயர்களும் பட்டியலிலிருந்து மறைந்தன.

முப்பது வருடமாக எஸ்டேட்டில் அவர் செய்த வேலையே அதுதான். காலையில் செக்ரோல் என்கிற வருகைப் புத்தகத்தை எடுப்பார். வேலைக்கு வந்தவருக்கு முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி. பாதியில் போனவருக்கு அரைப்பேர். சும்மா நிற்கிறவர் பேரை வெட்டிவிடுவார். கணினிக்குள்ளும் அதையே செய்துகொண்டிருக்கிறார் மனிதர்.

செல்விக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மூன்று நாள். மூன்று நாளாக இவர் உள்ளே உட்கார்ந்து வெட்டுவார், அவர்கள் வெளியே வரிசையில் நிற்பார்கள்!

"வா, சிஸ்டர்கிட்டச் சொல்லிடலாம்" என்று பார்வதி கையைப் பிடித்து இழுத்தாள். சிஸ்டரின் அறை நாலு எட்டில் இருந்தது.

செல்வி இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றாள். உள்ளே சார் துண்டை எடுத்து, திரையின் ஓரத்தில் இருந்த தூசியை மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சொன்னா சாவிய வாங்கிடுவாங்க பார்வதி. எல்லாரும் சாரப் பாத்துச் சிரிப்பாங்க."

"சிரிச்சாச் சிரிக்கட்டும். நாளைக்கு வர்றாங்க, ஞாபகம் இருக்கட்டும்."

"இரு, நானே கேக்கறேன்."

கதவைத் தட்டினாள். "இன்னும் தயாராகல கண்ணு, வெளிய நில்லு" என்றார் சார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணுமுங்க சார். நீங்க ரைட்டரா இருந்தப்ப எங்கம்மாவுக்கு என்ன பேர் போடுவீங்க?"

சார் திரும்பிப் பார்த்தார். "சாந்தாமேரிக்கா? முழுப்பேருதான். ஏங்கண்ணு?"

"காப்பிக் களத்துல அம்மா நாளெல்லாம் கல்லு மேல சும்மாதானுங்க உக்காந்திருக்கும்?"

சாருக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரு சொன்னது சும்மான்னு? களம் பூராவும் காப்பி காயுது. மேகம் எந்தப் பக்கமிருந்து ஏறுதுன்னு பாக்க ஒரு ஆள் வேணாமா? தூறல் விழறதுக்குள்ள உங்கம்மா அங்க தொங்கற தண்டவாளத் துண்டுல ஓங்கி அடிச்சாத்தான மத்தவங்க ஓடி வந்து தார்ப்பாய் போடுவாங்க? அது இல்லீன்னா ஒரு வருசத்துக் காப்பி போச்சு."

"மழையே வராத நாளுமுங்களா சார்? அன்னிக்கும் முழுப்பேருங்களா?"

"மழை வராட்டி என்ன? உக்காந்திருந்துச்சில்ல. உக்காந்திருக்கறதுதான் அங்க..."

சார் திரையைப் பார்த்தார். செல்வியைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

செல்வி தணிந்த குரலில் சொன்னாள்: "தேவா அண்ணன் மூணு பேரைக் காவலுக்கு உக்கார வெச்சிருந்துச்சுங்க. நாங்க பறவை பேர அழுத்துனாத்தான் அவங்களுக்கு வேலை. அது வரைக்கும் சைபர்தானுங்க."

"மூணு பேர்த்தையும் நான் வெட்டிப்புட்டனா?"

"மூணு நாளா வெட்டறீங்க சார்" என்றாள் கதவோரம் நின்ற பார்வதி. செல்வி அவள் காலை மிதித்தாள்.

சார் காதைச் சொறிந்துகொண்டார். பிறகு கணினியை அணைத்து மறுபடி போட்டார். பட்டியல் வந்தது. மூன்று பெயர்களும் சைபரோடு வந்து உட்கார்ந்தன. சார் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

செல்வி 'குக்குறுவான்' என்பதை அழுத்தினாள். பச்சைப் பறவை திரையில் வந்தது. "குட்ரூ குட்ரூ" என்று கூவியது. அதற்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய குரலும் கேட்டது. "ஏ செல்வி, தண்ணி புடிச்சு வெச்சியா இல்லியா?"

தோட்டத்தில் பதிவு செய்யும்போது அம்மாவும் சேர்ந்து பதிவாகிவிட்டார். பார்வதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சத்தம் கேட்டு சிஸ்டர் எட்டிப் பார்த்தார். "ஓடுதா? என்னதான் கோளாறு?"

சார் தலையைக் குனிந்தார். செல்வி முந்திக்கொண்டாள். "பொறுங்கள்னு சொல்லுச்சுங்க சிஸ்டர். பொறுத்தோம். சரியாப் போச்சு."

வெள்ளிக்கிழமை அறக்கட்டளையிலிருந்து ஓர் அம்மாவும் ஓர் இளைஞரும் ஜீப்பில் வந்தார்கள். அந்த இளைஞருக்குக் கணினி தெரியும். தெரியும் என்பது அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததிலேயே தெரிந்தது. பிள்ளைகள் எதையும் காட்டுவதற்கு முன்பே அவர் அந்தப் பட்டியலைத் திறந்துவிட்டார்.

"என்னங்க இது, மூணு சர்வீஸ் வேலையே இல்லாம ஓடுது? நிறுத்திட்டா மெஷின் இன்னும் வேகமா இருக்கும்."

அவர் விரல் பொத்தானுக்குப் போனது. செல்வி தடுக்க வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க தம்பி, கொஞ்சம் கைய எடுங்க."

பாக்கியநாதன் சார்தான். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் முப்பது வருடம் முன்னூறு பேருக்குப் பேர் போட்ட குரல் அது. இளைஞர் கையை எடுத்துவிட்டார்.

"அவங்க சும்மா இல்லீங்க. கூப்பிட்டா எந்திரிக்கறதுக்கு உக்காந்திருக்கறாங்க. அவங்க பேர வெட்டினா இங்க ஒண்ணும் கூவாதுங்க. நான் வெட்டிப் பாத்தவன், எனக்கு நொம்ப நல்லாத் தெரியும்."

அதன் பிறகு செல்வி அழுத்தினாள். பதினொரு பறவைகளும் ஒன்று விடாமல் கூவின. குக்குறுவான் முறை வந்தபோது அறக்கட்டளை அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நான் நீ என்று அழுத்த வந்து முட்டிக்கொண்டார்கள்.

"கம்ப்யூட்டர் இங்கயே இருக்கட்டும் சிஸ்டர்" என்றார் அந்த அம்மா. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தார். "இந்த ரூமுக்குப் பொறுப்பானவர் இதுல கையெழுத்துப் போடணும். ரைட்டர்னு சிஸ்டர் சொன்னது உங்களத்தானுங்களே?"

பாக்கியநாதன் சார் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். தாளில் வைக்கவில்லை.

"நான் எஸ்டேட்டுக்கு ரைட்டருங்க. அதுவும் முடிஞ்சு போச்சு" என்றார். பேனாவைச் செல்வியிடம் நீட்டினார். "இந்த ரூமுக்கு ரைட்டர் இந்தப் புள்ளதானுங்க."

செல்வி சிஸ்டரைப் பார்த்தாள். சிஸ்டர் தலையாட்டினார். அவள் குனிந்து, 'ஆரோக்கியசெல்வி, ஆறாம் வகுப்பு' என்று ஓர் எழுத்துக்கூடக் குறைக்காமல் முழுப்பேரையும் எழுதினாள்.