பத்துக்குப் பத்து

காலையில் பல் தேய்த்ததும் நலச்சுவர் முன்னால் போய் நின்று வலியை ஒப்பிக்க வேண்டும். தூத்துக்குடியில் மட்டுமல்ல, நாடு முழுக்க அதுதான் வழக்கம். "சவரிமுத்து அவர்களே, இன்றைய வலி பத்துக்கு எத்தனை?" என்று சுவர் கேட்கும். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "பத்து!" என்பேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட ஆனந்தமான உத்தியோகம் கிடைக்குமா? என் முழங்கால் வலியைக் கப்பலில் ஏற்றினால் கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் என்று ஒருநாள் சொன்னேன். "பதிவு செய்யப்பட்டது" என்றது சுவர்.

பெரிய எண் சொன்னவருக்கே முதல் சிகிச்சை என்பது ஏற்பாடு. விடுவார்களா நம்மவர்கள்? கொசு கடித்தவன் பத்து என்றான். கொசு கடிக்கப்போகிறது என்று பயந்தவனும் பத்து என்றான். நிஜமாகவே சாகக் கிடந்தவர்களோ "ஒன்னுமில்ல, பரவாயில்ல" என்றார்கள். செவிலிப்பொறிகள் குழம்பிப்போய், ஆளுக்கொரு நம்பக எண்ணை ஒட்டிவிட்டன. நாம் சொல்கிற வலியை அதனால் பெருக்கித்தான் சுவர் ஏற்றுக்கொள்ளும். என்னுடையது பூஜ்யத்துக்கு அடுத்த வீடு.

அப்படியும் ஆட்கள் செத்தார்கள். அதனால்தான் மனிதச் செவிலியரை மறுபடி தேட ஆரம்பித்தார்கள். மணிக்கட்டு நரம்பில் வலியுணரி பதித்த செவிலியர். பக்கத்தில் இருப்பவரின் வலி அதே இடத்தில் அவர்களுக்கும் வலிக்கும். பொய் எடுபடாது.

என் மனைவி அமலோற்பவத்துக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. அவள் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கும்போதுதான் செவிலிப்பொறிகள் வந்ததென்று கல்லூரியைப் பூட்டினார்கள். அதே கல்லூரி மறுபடி திறந்து அவளைக் கூப்பிட்டிருந்தது. அன்று நண்பகலுக்குள் சுவரிடம் சம்மதம் சொல்ல வேண்டும். பரீட்சார்த்தமாக ஒரு வலியுணரிப் பட்டையும் கொடுத்திருந்தார்கள். கையில் கட்டிக்கொண்டு அடுத்தவரைத் தொட்டால் மட்டும் வலிக்கும். கையை எடுத்தால் நின்றுவிடும். இரண்டு நாள் முன்பு பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவம். அவள் கையைப் பிடித்துவிட்டு வந்த அமலி இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை.

"உள்ள பதிச்சிட்டா பிறகு எடுக்க முடியாதாம்ங்க," என்றாள். "தொடக்கூட வேண்டாம், பக்கத்துல நின்னாலே போதும். சாகுத வரைக்கும் ஊரான் வலியெல்லாம் என் வலி."

"அப்ப வேண்டாம்னு சொல்லிரு. கோட்டி பிடிச்சிருக்கா உனக்கு?"

"அந்தப் பூட்டு இன்னும் என் கண்ணுக்குள்ளயே தொங்குது."

மீன்காரியிடம் பேரம் பேசும்போதே நாடி பார்க்கிறவள் அவள். போய்விடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. போய்விட்டால் என் புலம்பலைக் கேட்க அந்தச் சுவர்தான் மிச்சம். ஒரு யோசனை உதித்தது. தினமும் பத்து சொல்லிச் சொல்லி முழங்கால் வலியை நானே நம்பியிருந்தேன்.

"ஏட்டி, என் முழங்காலத் தொட்டுப் பாரு. ஒரு நிமிஷம் தாங்கிட்டன்னா நானே உன்ன காலேஜ்ல கொண்டு விடுதேன்."

சோபாவில் சாய்ந்து, மாதாவையும் அத்தனை புனிதர்களையும் ஊர் கேட்கக் கூப்பிட்டேன். அமலி பட்டையை இறுக்கிக்கொண்டு முழங்காலில் கை வைத்தாள். காத்திருந்தாள். பிறகு வெடித்துச் சிரித்தாள்.

"ஒன்னுமே இல்லையே! கன்னுக்குட்டி காலுகூடத் தோத்துரும், போங்க!"

"மிஷின் மக்கரு."

சிரிப்பு பாதியில் நின்றது. அவளுடைய இன்னொரு கை மெல்ல ஏறித் தன் இடது தோளைப் பிடித்தது. நெற்றியில் வியர்வை.

"எத்தன நாளா?"

"என்னது?"

"நெஞ்சுல. எத்தன நாளா இருக்கு?"

"ஒன்னுமில்லட்டி. வாயுவா இருக்கும்."

அதைச் சொல்லப் பயந்துதான் முழங்காலை வைத்து அத்தனை மேளம் அடித்துக்கொண்டிருந்தேன். அன்று காலையில் அது மேளத்தையும் மீறிவிட்டது.

அமலி சுவரைப் பார்த்துக் கத்தினாள். "இவங்களுக்கு நெஞ்சு வலி! ஆம்புலன்ஸ் அனுப்பு!"

நானும் ஈனமாக "பத்து" என்றேன்.

"நம்பக எண்ணின்படி, அரைக்கும் கீழே," என்றது சுவர். "வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும். உறவினர் சாட்சி ஏற்கப்படாது."

"வேற யாரு சொன்னா கேப்ப?"

"செவிலியர். அல்லது சேர்க்கைக்குச் சம்மதித்த செவிலி மாணவி."

நாற்பதடி கன்டெய்னர் ஒன்று என் மார்பில் இறங்கியது. இதில் ஒரு கிலோகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. கையை எடுத்திருந்தால் அவளுக்கு அந்தக் கணமே வலி நின்றிருக்கும். அவள் எடுக்கவில்லை.

"அவசரப்படாத... யோசிச்சு..." என்றேன். அது மட்டும் எனக்காகச் சொன்னதில்லை.

"சம்மதம்," என்றாள் சுவரிடம். "செவிலி மாணவி அமலோற்பவம் சொல்லுதேன். நெஞ்சு, இடது தோள், தாடை. எட்டு."

"எட்டா?" எனக்கு அந்த நிலையிலும் ரோஷம் வந்தது. "பத்துன்னு சொல்லேன்ட்டி!"

"எட்டுதான். பேசாமக் கெடங்க."

ஆம்புலன்ஸ் வந்த வேகத்தில் தெருவில் காய்ந்துகொண்டிருந்த துணியெல்லாம் இலங்கைக்குப் பறந்திருக்கும்.

இப்போது அவள் இரண்டாம் வருஷம். விட்ட இடத்துக்கே வந்துவிட்டாள். மணிக்கட்டில் அரிசி நீளத்துக்கு ஒரு தழும்பு. சுவர் என்னிடம் எதுவும் கேட்பதில்லை, அவளைத்தான் கேட்கிறது. வைத்தியத்துக்குப் பிறகும் நெஞ்சில் கொஞ்சம் வலி தங்கிவிட்டது. அவள் கல்லூரி விட்டு வருகிற நேரம் பார்த்து மாத்திரையைப் போட்டுக்கொள்கிறேன். ஆனாலும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் கை இடது தோளுக்குப் போய்விடும்.

வலியுணரி பத்தடிக்கு மேல் எட்டாது. நான் நாற்காலியைத் தூக்கி மொட்டைமாடியில் போட்டுக்கொண்டேன். நாள் முழுக்க வார்டில் ஊரான் வலியைச் சுமந்தவள், கீழே ஒரு வாய் சோறாவது நிம்மதியாகச் சாப்பிடட்டும்.

தட்டை எடுத்துக்கொண்டு படியேறி வருகிறாள். என் பக்கத்தில், தோள் உரச உட்காருகிறாள்.

"வலிக்குதாட்டி?" என்கிறேன்.

"ஒன்னுமில்லங்க," என்கிறாள், சோற்றைப் பிசைந்தபடி.