ரெண்டு இஞ்ச் இறக்கு, சிக்கந்தர்!

"யா அல்லா...!"

சிக்கந்தர் போட்ட அலறலில் வாய்க்கால் கரைக் கொக்குகள் பறந்தன.

திருவாதவூர் ரோடு. மேட்டுப் பாலத்துக்குக் கீழே வெள்ளை ஃபியட் கார் குப்புறக் கிடந்தது. பக்கத்தில் வேட்டி போர்த்திய உடம்பு. வெளியே நீண்டிருந்த கையில் 'சோலை' என்று பச்சை குத்தியிருந்தது.

வெள்ளைத்துரை! சிக்கந்தரின் உயிர் நண்பன். விடியற்காலையில் வயலுக்குப் புறப்பட்டவன், வயலைப் பார்க்கவே இல்லை.

"அழுது முடிச்சிட்டியா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர் நல்லகாமன்.

மனிதர் காலையிலிருந்து டீ குடிக்கவில்லை. அன்றைக்கு மதுரையில் முழுக் கடையடைப்பு. டீக்கடையிலிருந்து ஜவுளிக்கடை வரை எல்லாவற்றுக்கும் பூட்டு. கோபத்துக்குக் கேட்கவா வேண்டும்?

"சார்... இவன் என் மாப்ள சார்..."

"அந்த மாப்ளையைத்தான் கொன்னுட்டியே! சிம்மக்கல்லுல பட்டறை வச்சிருக்கிறது நீதானே? இந்தக் காரைத் தாழ்த்திக் குடுத்தது யாரு?"

"நான்தான் சார். போன வாரம்."

"எதுக்கு? ரேஸ் விடவா?"

"சோலையம்மாளுக்காக சார்... அவன் சம்சாரம். இளம்பிள்ளை வாதத்துல ஒரு கால் சூம்பிப்போச்சு. காருல ஏறணும்னா யாராச்சும் தூக்கிவிடணும். அந்தக் கூச்சத்துலயே எங்கயும் வாராது. 'ரெண்டு இஞ்ச் இறக்கு சிக்கந்தர்... எம் பொண்டாட்டி மகாராணியாட்டம் தானா ஏறட்டும்'னு சொன்னான் சார்..."

சிக்கந்தர் மறுபடி அழ ஆரம்பித்தான்.

நல்லகாமன் ஒரு ஸ்பிரிங்கைத் தூக்கிக் காட்டினார். ஒரு நுனி கருகி, நீலம் பாரித்திருந்தது.

"முன் சக்கரத்துலருந்து தெறிச்சு விழுந்திருக்கு. கேஸ் நெருப்பு வச்சு அறுத்த ஸ்பிரிங்! செலவு மிச்சம், உசுரு போச்சு. அப்படித்தானே?"

சிக்கந்தர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தான். அழுகை சட்டென்று நின்றது.

"சார்... இது நான் போட்டதில்ல!"

"எல்லாப் பயலும் இதைத்தான்யா சொல்றான்!"

"சத்தியமா சார்! ஸ்பிரிங்கை அறுக்கவே கூடாது. நெருப்பு பட்டா இரும்போட தெம்பு போயிரும். மேட்டுல வண்டி துள்ளி சக்கரம் தொங்குறப்ப, அறுத்த ஸ்பிரிங் இடத்தை விட்டுக் கழண்டு ஓடிரும். அதான் வண்டி எடைக்குத் தக்கன, தடிச்ச கம்பியில, கட்டையாவே சுத்தின ஸ்பிரிங்கை கோயமுத்தூர்ல சொல்லிச் செஞ்சு போட்டேன். பச்சை பெயிண்ட் அடிச்சிருந்தேன் சார்! ரெண்டும் பச்சை!"

நல்லகாமன் அறுத்த நுனியைப் பார்த்தார். பிறகு பாலத்தைப் பார்த்தார்.

"டவுனுக்குள்ள ஓட்டுனா?"

"ஒண்ணும் தெரியாது சார். உயரம் அதே உயரந்தான். இந்த மாதிரி மேட்டுப் பாலத்துல வேகமா ஏறி இறங்குனாத்தான்..."

"ஆக, இவன் தினம் இந்த வழியா வாரது தெரிஞ்ச பய எவனோ மாத்தியிருக்கான்!" நல்லகாமன் தாடையைச் சொறிந்தார். "லாரி மோதி ஒரு பொம்பளை செத்த கேஸ்ல, திங்கக்கிழமை கோர்ட்டுல சாட்சி சொல்ல வேண்டியவன் உன் மாப்ள. தெரியுமா?"

"யார் லாரி சார்?"

"ஜீப்புல ஏறு!"

பசுமலை. வெள்ளைத்துரையின் வீடு.

ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு இன்னும் வரவில்லை. ஒப்பாரி மட்டும் வந்துவிட்டது.

சிக்கந்தரைக் கண்டதும் சோலையம்மாள் சுவரைப் பிடித்து எழ முயன்றாள். முடியவில்லை.

"அண்ணே... நேத்துக்கூட 'ஏறிப் பாரு புள்ள, ஒரு ரவுண்டு போவோம்'னு கெஞ்சுனாக. தெருவே பாக்குதேன்னு வெக்கப்பட்டு, நாளைக்குன்னுட்டேன்... எனக்காக இறக்குன காருல ஒரு தடவை கூட ஏறலையேண்ணே!"

சிக்கந்தர் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். கூட நின்ற கான்ஸ்டபிளுக்கே கண் கலங்கியது.

அப்போது வாசலில் ஒரு கதறல்!

"எந்தங்கச்சி வாழ்க்கையில மண்ணு விழுந்துருச்சே...!"

காளை. சோலையம்மாளின் அண்ணன். லாரி முதலாளி. கையில் தாம்பாளம். அதில் பிறந்த வீட்டுக் கோடி... புருஷனை இழந்தவளுக்கு உடன்பிறந்தவன் போட வேண்டிய புதுச் சேலை.

தாம்பாளத்தை இறக்கி வைத்த கையோடு சிக்கந்தரின் சட்டையைப் பிடித்தான் காளை.

"ஸ்பிரிங்கை அறுத்துப் போட்டு எம் மச்சானைக் கொன்னுட்டியேடா பாவி!"

நல்லகாமன் விலக்கிவிட்டார். "ஸ்பிரிங்கை அறுத்த சங்கதி உனக்கு எப்படித் தெரியும்?"

"ஊ... ஊருக்குள்ள பேசிக்கிறாக..."

சோலையம்மாள் கோடிச் சேலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடிப்புக் கலையாத சேலை. புத்தம் புதுக் கடைத் தாள்.

"அண்ணே..."

"சொல்லு தாயி!"

"இன்னிக்குக் கடையடைப்பாச்சே. கோடி எங்கண்ணே எடுத்தீக?"

ஒப்பாரி நின்றது!

"அது... தெரிஞ்ச கடை... பின்வாசல் வழியா..."

"எந்தக் கடைய்யா? வா, போய்க் கேப்போம்!" என்றார் நல்லகாமன்.

 காளையின் கால் தானாகப் பின்வாங்கியது. வாசலில் கான்ஸ்டபிள்!

"நேத்து நம்ம லாரி செட்டுல கழுவித் தாரேன்னு காரை வாங்கிட்டுப் போனீகளேண்ணே..." சோலையம்மாள் அண்ணனை ஏறிட்டாள். "பொழுது சாயத்தானே கொண்டாந்தீக?"

அரை மணி நேரத்தில் காளையின் லாரி செட்டிலிருந்து இரண்டு ஸ்பிரிங்குகள் வந்து சேர்ந்தன.

ரெண்டும் பச்சை!

காளை மடிந்து உட்கார்ந்தான்.

"மோதுனப்ப லாரியை ஓட்டுனது நான்... சாட்சி சொல்லாதய்யான்னு மச்சான் கால்ல விழுந்தேன். கேக்கலை தாயி. கோபத்துல புத்தி கெட்டுப்போச்சு... நாளைக்குக் கடை இருக்காதேன்னுதான் நேத்தே கோடி எடுத்தேன். பொறந்த வீட்டுக் கோடி இல்லாம எந்தங்கச்சி சபையில தலைகுனியக் கூடாதேன்னு..."

"தாலியை அறுத்துட்டு எம் மானத்தைக் காப்பாத்த வந்தியாக்கும்!"

சோலையம்மாள் தாம்பாளத்தை எட்டித் தள்ளினாள். சூம்பிய அந்தக் காலால்தான்!

பிறகு சிக்கந்தர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே... கடை திறந்த பெறகு கோடிச் சேலை நீங்க எடுத்தாங்க. நாளானாலும் பரவால்ல. நீங்கதான் போடணும்."

சிக்கந்தர் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினான்.

காளையின் கையில் விலங்கை மாட்டிய நல்லகாமன் பெருமூச்சு விட்டார்.

"சீர் செய்யிறதுல எல்லா அண்ணன்காரனும் ஒரு நாளாச்சும் பிந்துவான்யா... இவன் ஒருத்தன்தான் ஒரு நாள் முந்தி மாட்டிக்கிட்டான்!"